மூச்சோடு அசையும் கட்டி



இன்றைய பேச்சில் நாம் எடுத்துக்கொண்டிருப்பது நுரையீரல் புற்றுநோய்க்குச் செய்யப்படும் புரோட்டான் கதிர் சிகிச்சை. நுரையீரலில் இருக்கும் கட்டி, நாம் மூச்சு விடும்போதெல்லாம் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. அப்படி அசையும் கட்டியை மருத்துவர்கள் எவ்வாறு படம் பிடித்துப் பார்க்கிறார்கள்? பார்த்தபின் எவ்வாறு கதிரைச் செலுத்துகிறார்கள்? இவற்றைத்தான் நாம் விளங்கிக்கொள்ளப் போகிறோம்.

‘இதெல்லாம் டாக்டர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம், நமக்கு எதற்கு?’ என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. சென்னை தரமணியில் 2019ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அப்பல்லோ புரோட்டான் புற்றுநோய் மையம் திறக்கப்பட்டது. தெற்காசியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது. 2021இல் பாங்காக் நகரின் சூலாலங்கோர்ன் மருத்துவமனையிலும், 2023இல் சிங்கப்பூர் தேசியப் புற்றுநோய் நிலையத்திலும், அதே ஆண்டில் மும்பைக்கு அருகே கார்கரில் உள்ள டாட்டா நினைவு நிலையத்திலும் இந்தச் சிகிச்சை தொடங்கியது. அதுமுதல், நோய் கண்ட வீடுகளில் ஒரு பேச்சு எழத்தான் செய்கிறது. “சென்னைக்குக் கொண்டுபோனால் புதுக் கதிர் வைத்துக் குணப்படுத்திவிடுவார்களாமே” என்கிறார்கள். உடனே நகையை விற்கலாமா, ஊழியர் சேமநிதியில் இருப்பதை எடுக்கலாமா, உறவினரிடம் கடன் வாங்கலாமா என்று குடும்பமே கலங்குகிறது. இவ்வளவு பெரிய முடிவை அரைகுறைச் செய்தியை நம்பி எடுக்கக்கூடாது. அதனால்தான் இந்த விஷயத்தை நாமும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் நம் உடம்பையே சோதித்துப் பார்ப்போம். வலது உள்ளங்கையை விலா எலும்புகள் முடியும் இடத்தில், வயிற்றின் மேற்பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக மூச்சை இழுங்கள், பிறகு விடுங்கள். கை மேலே எழுந்து தாழ்வது தெரிகிறதல்லவா? நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசைத் தடுப்பு ஒன்று இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது அது கீழே இறங்குகிறது. விடும்போது மேலே ஏறுகிறது. நுரையீரலும் அதனுடன் சேர்ந்து விரிந்து சுருங்குகிறது. ஓய்வாக இருக்கும் ஒருவர் ஒரு நிமிடத்தில் 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார். அதாவது மூன்று விநாடி முதல் ஐந்து விநாடிக்கு ஒரு தடவை நுரையீரல் போய்த் திரும்புகிறது.

நுரையீரலில் கட்டி இருந்தால் அதுவும் அந்த ஓட்டத்தோடு போய்வரும். நுரையீரலின் மேற்பகுதியில் இருக்கும் கட்டி பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவே அசையும். கீழ்ப்பகுதியில், உதரவிதானத்தை ஒட்டி இருக்கும் கட்டியோ ஒரு செண்டிமீட்டர், இரண்டு செண்டிமீட்டர், சிலருக்கு அதற்கும் அதிகமாகக்கூட மேலும் கீழும் நகரும். அந்தக் கட்டியே மூன்று செண்டிமீட்டர் அகலந்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு செண்டிமீட்டர் நகர்ந்தால், முன்பு அது இருந்த இடத்தில் பெரும்பகுதி காலியாகிவிடும். மூளையில் இருக்கும் கட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. தலையை அசையாமல் பிடித்துவைத்தால் கட்டியும் அசையாது. மூச்சை அப்படிப் பிடித்துவைக்க முடியுமா?

இனி, கதிர் சிகிச்சை என்றால் என்னவென்று பார்ப்போம். 1895இல் ஜெர்மன் அறிஞர் ரோண்ட்கன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். உடம்புக்குள் இருக்கும் எலும்பைப் படம் பிடிப்பதற்கு மட்டுமல்லாமல், புற்று அணுக்களை அழிப்பதற்கும் அது பயன்படும் என்பது விரைவிலேயே தெரியவந்தது. இன்று உலகெங்கும் பெரும்பாலான நோயாளிகளுக்குக் கொடுக்கப்படுவது சக்தி கூட்டப்பட்ட எக்ஸ்ரே கதிர்தான். அதை உண்டாக்கும் இயந்திரத்திற்கு நேர்கோட்டு முடுக்கி என்று பெயர். நம் பினாங்கிலும் அது இருக்கிறது. பிரான்சிஸ்கன் சபைக் கன்னிமார் 1976இல் தஞ்சோங் பூங்காவில் நிறுவிய மவுண்ட் மிரியம் மருத்துவமனை, புற்றுநோய்க்கென்றே நடந்துவருவது. அக்கரையில், கெப்பாலா பத்தாஸ் அருகே பெர்த்தாமில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ நிலையத்திலும் கதிர் சிகிச்சை அளிக்கப்படுகிறது.

எக்ஸ்ரே கதிரின் இயல்பு ஒன்றைக் கவனிக்கவேண்டும். அது உடம்பின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறிவிடும். போகும் வழியில் கட்டிக்கு முன்னால் இருக்கும் நல்ல சதையிலும், பின்னால் இருக்கும் நல்ல சதையிலும் தன் சக்தியில் ஒரு பங்கை விட்டுச் செல்லும. நெஞ்சுக்குள்ளே கட்டியைச் சுற்றி இதயம் இருக்கிறது, உணவுக்குழாய் இருக்கிறது, முதுகுத் தண்டு இருக்கிறது, நோயற்ற நுரையீரல் இருக்கிறது. இவற்றின்மீது கதிர் அதிகம் விழுந்தால் பின்னால் தீங்கு உண்டாகும். ஆகவே மருத்துவர்கள் பல திசைகளிலிருந்து கதிரைச் சிறுசிறு பங்காகச் செலுத்துகிறார்கள். எல்லாக் கதிர்களும் சந்திக்கும் இடத்தில் கட்டி இருக்கும்படி அமைக்கிறார்கள். அதனால் கட்டிக்கு முழு அளவும், சுற்றுப்புறத்திற்குக் குறைந்த அளவும் போய்ச் சேர்கின்றன.

புரோட்டான் வேறு வகையானது. அணுவின் நடுவே இருக்கும் மிகச் சிறிய துகள் அது. தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலெக்ட்ரானை நீக்கிவிட்டால் மிஞ்சுவது புரோட்டான். அதை மிகப் பெரிய காந்த இயந்திரத்தில் சுழற்றிச் சுழற்றி வேகப்படுத்துகிறார்கள். சென்னையில் இருப்பதைப் போன்ற ஓர் இயந்திரத்தின் எடை ஏறத்தாழ 220 டன். அதிலிருந்து வெளிவரும் புரோட்டானின் வேகம் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேல்.

அந்தத் துகள் உடம்புக்குள் நுழைந்ததும் என்ன நடக்கிறது? மோட்டார் சைக்கிளில் வேகமாகப் போகிறவர் லயத்து வாசலில் நிற்பவர்களோடு பேச முடியாது. தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போய்விடுவார். நடந்து போகிறவரோ வீட்டுக்கு வீடு நின்று நான்கு வார்த்தை பேசிவிட்டுப் போவார். புரோட்டானும் அப்படித்தான். வேகமாகப் போகும்போது வழியில் உள்ள அணுக்களுக்குக் கொஞ்சம் சக்தியையே கொடுக்கிறது. வேகம் குறையக் குறையக் கொடுப்பது கூடுகிறது. கடைசியில் நிற்கப்போகும் இடத்தில் மிச்சமிருக்கும் சக்தியை எல்லாம் கொட்டிவிட்டு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் ஏறக்குறைய ஒன்றுமே போவதில்லை. துகள்கள் இவ்வாறு முடிவிடத்தில் சக்தியைக் கொட்டுகின்றன என்பதை, ஆஸ்திரேலியாவின் அடிலேய்டு நகரில் பேராசிரியராயிருந்த வில்லியம் பிராக், ரேடியத்தின் கதிர்களை ஆராய்ந்து 1904ஆம் ஆண்டுவாக்கில் கண்டறிந்தார். இதை மருத்துவத்திற்குப் பயன்படுத்தலாம் என்று 1946இல் எடுத்துச் சொன்னவர் அமெரிக்க இயற்பியல் அறிஞர் ராபர்ட் வில்சன். 1954இல் கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் முதன்முதலாக நோயாளிகளுக்குப் புரோட்டான் கொடுக்கப்பட்டது.

சக்தியைக் கூட்டினால் புரோட்டான் ஆழமாகப் போகும். குறைத்தால் மேலாகவே நின்றுவிடும். தண்ணீரில் நான்கு செண்டிமீட்டர் முதல் முப்பது செண்டிமீட்டருக்கு மேல்வரை, எந்த ஆழத்தில் நிற்க வேண்டும் என்று கணக்கிட்டு அனுப்பலாம். கட்டியில் நிற்கவைத்துவிட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் இதயமும் தண்டுவடமும் தப்பித்துக்கொள்ளும். இதுதான் புரோட்டானின் பெரிய நன்மை.

ஆனால் நேயர்களே, இதே நன்மைதான் நுரையீரலில் ஒரு சங்கடமாகவும் மாறுகிறது. புரோட்டான் எங்கே நிற்கும் என்பது, அதன் வழியில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கட்டாந்தரையில் உருளும் பந்து வெகுதூரம் ஓடும்; சேற்றில் உருட்டினால் உடனே நிற்கும். கட்டி சதையால் ஆனது, தண்ணீரைப்போல் கெட்டியானது. நுரையீரலோ காற்று நிறைந்த பஞ்சு போன்றது. அதன் அடர்த்தி தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு அல்லது நான்கில் ஒரு பங்குதான். ஆகவே கட்டிக்குள் ஒரு செண்டிமீட்டரில் நின்றுவிடக்கூடிய புரோட்டான், நுரையீரலில் மூன்று, நான்கு செண்டிமீட்டர் வரை ஓடும்.

இப்போது மூச்சை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டி இருக்கும் என்று எண்ணிப் புரோட்டானை அனுப்புகிறோம். அந்த நேரத்தில் கட்டி கீழே இறங்கிவிட்டது. வழியில் இருப்பது வெறும் காற்றுப் பஞ்சு. புரோட்டான் நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டி ஓடுகிறது. எதைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தோமோ, அந்த இதயத்திலோ தண்டுவடத்திலோ போய் நிற்கலாம். கட்டியின் ஓரத்திற்கோ கிடைக்கவேண்டிய கதிர் கிடைக்காமல் போகலாம். எக்ஸ்ரே கதிரில் கட்டி அசைந்தால் ஓரங்கள் மங்கலாகும். புரோட்டானில் அத்துடன், நிற்கும் ஆழமே மாறிவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இக்காலத்து இயந்திரங்கள் புரோட்டானை ஒரு மெல்லிய கற்றையாக்கி, கட்டியைப் புள்ளி புள்ளியாக நிரப்புகின்றன. நம் தாய்மார்கள் வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைப்பதைப் போல, ஓர் அடுக்கு முழுவதும் வைத்து முடித்து, பிறகு சக்தியைக் குறைத்து அடுத்த அடுக்குக்குப் போகின்றன. தரை அசையாமல் இருக்கும்வரை புள்ளிகள் ஒழுங்காக விழும். ஆனால் ஒரு பாயின்மேல் புள்ளி வைக்கும்போது ஒரு பிள்ளை அந்தப் பாயை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருந்தால் எப்படியிருக்கும்? ஓரிடத்தில் இரண்டு புள்ளி ஒன்றின்மேல் ஒன்றாக விழும். இன்னோரிடத்தில் புள்ளியே விழாமல் வெறுமையாக இருக்கும். கட்டியில் அப்படி வெறுமையான இடம் விட்டுப்போனால், அங்கே உயிரோடு மிஞ்சும் புற்று அணுக்கள் மறுபடியும் வளரும். இயந்திரமும் நகர்கிறது, கட்டியும் நகர்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததால் வரும் கோளாறு இது.

ஆகவே நுரையீரலுக்குப் புரோட்டான் கொடுக்க வேண்டுமானால், கதிரின் பலத்தைவிட முக்கியமானது பார்வை. கட்டி எங்கே போகிறது, எவ்வளவு தூரம் போகிறது, எப்போது திரும்புகிறது என்பதை முன்கூட்டியே பார்த்தறிய வேண்டும். அந்தப் பார்வை எப்படிக் கிடைக்கிறது?

சாதாரண சி.டி. ஸ்கேன், உடம்பைக் குறுக்குவாட்டில் துண்டு துண்டாகப் படம் பிடிக்கிறது. ஊஞ்சலில் ஆடும் பிள்ளையைப் படம் பிடித்தால் முகம் கலங்கித் தெரிவதுபோல, அசையும் கட்டி அந்தப் படத்தில் சிதைந்து தெரியும். சில சமயம் நீண்டும், சில சமயம் குறுகியும், சில சமயம் இரண்டாக உடைந்ததுபோலவும் தோன்றும். அதை நம்பிக் கதிரின் ஆழத்தைக் கணக்கிட முடியாது.

இதற்காக ஏற்பட்டதுதான் நான்கு பரிமாண சி.டி. ஸ்கேன். நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்றோடு நேரமும் சேர்ந்து நான்கு. நோயாளியைப் படுக்கவைத்து, அவர் வயிற்றின்மேல் ஒரு சிறு பெட்டியை வைக்கிறார்கள், அல்லது ஒரு பட்டையைக் கட்டுகிறார்கள். மூச்சோடு வயிறு எழுந்து தாழ்வதை ஒரு கருவி கணக்கெடுத்துக்கொண்டே இருக்கும். அதே நேரத்தில் ஸ்கேன் இயந்திரம் ஒவ்வோரிடத்தையும் ஒரு முழு மூச்சுக் காலம்வரை பல தடவை படம் பிடிக்கும். ஒவ்வொரு படத்தோடும், ‘இது மூச்சின் எந்தக் கட்டத்தில் எடுத்தது’ என்ற குறிப்பும் சேர்ந்திருக்கும். பிறகு கணினி அவற்றைப் பிரித்து அடுக்குகிறது. ஊஞ்சல் உச்சியில் இருந்தபோது எடுத்த படங்களெல்லாம் ஒரு கட்டு, நடுவில் இருந்தபோது எடுத்தவை இன்னொரு கட்டு, இந்தப் பக்கம் வந்தபோது எடுத்தவை மற்றொரு கட்டு என்று பிரிப்பதைப் போன்றது அது. வழக்கமாக ஒரு மூச்சைப் பத்துக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். அந்தப் பத்தையும் வரிசையாக ஓடவிட்டால், கட்டி மேலும் கீழும் போய்வருவது சினிமாப் படம்போல் கண்ணுக்குத் தெரியும். இதை எடுக்கும் நேரத்தில் நோயாளி செய்யவேண்டியது, தம் இயல்பான மூச்சை ஒரே சீராக விடுவதுதான்.

ஸ்கேன் ஒரு நாளில் எடுக்கப்படுகிறது. சிகிச்சையோ பல வாரம் நடக்கிறது. நுரையீரல் புற்றுக்கு ஆறு, ஏழு வாரம்வரை, வாரத்திற்கு ஐந்து நாள் கதிர் கொடுப்பது பொதுவான முறை. இடையில் கட்டி சுருங்கலாம். அடைபட்டிருந்த நுரையீரல் பகுதி திறந்துகொள்ளலாம். நெஞ்சில் நீர் கோக்கலாம். நோயாளி மெலிந்தும் போகலாம். இவற்றில் எது நடந்தாலும் புரோட்டான் நிற்கும் இடம் மாறும். ஆகவே ஒவ்வொரு நாளும் கதிர் கொடுப்பதற்குமுன் படுக்கையிலேயே எக்ஸ்ரே படம் எடுத்து, உடம்பு அதே நிலையில் இருக்கிறதா என்று சரிபார்க்கிறார்கள். இடையிடையே ஸ்கேன் எடுத்துப் பார்த்து, தேவையானால் கணக்கையே புதிதாகப் போடுகிறார்கள். “திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுக்கிறார்களே” என்று நோயாளியின் வீட்டார் சலித்துக்கொள்ளத் தேவையில்லை. அது கவனத்தின் அடையாளம்.

கதிர் பாயும் அதே நேரத்திலேயே கட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாதா? முடியும். ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் இதில் முன்னோடிகள். ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள சிறு தங்க மணியைக் கட்டியின் அருகே வைத்துவிடுகிறார்கள். நுரையீரல் படத்தில் கட்டி மங்கலாகத் தெரிந்தாலும், தங்கம் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும். சிகிச்சை அறையில் உள்ள எக்ஸ்ரே கருவிகள் இரு திசையிலிருந்து, விநாடிக்கு 30 தடவைவரை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். தங்க மணி குறித்த இடத்திற்கு வந்தால் கதிர் பாயும், விலகினால் நின்றுவிடும். 1990களின் இறுதியில் எக்ஸ்ரே சிகிச்சைக்காக அமைத்த இந்த ஏற்பாட்டை, அவர்கள் 2014இல் புரோட்டான் இயந்திரத்தோடும் இணைத்துவிட்டார்கள்.

கட்டியின் ஓட்டத்தைப் பார்த்தாயிற்று. இனி அதைச் சமாளிக்கும் வழிகளைக் கேளுங்கள்.

முதல் வழி, கட்டி போய்வரும் இடம் முழுவதையும் ஒரே எல்லைக்குள் அடக்கிக் கதிர் கொடுப்பது. சிறிதளவே அசையும் கட்டிக்கு இது போதும். அதிகம் அசைந்தால் எல்லை பெரிதாகி, நல்ல நுரையீரலும் அதற்குள் அகப்பட்டுக்கொள்ளும்.

இரண்டாவது, அசைவைக் குறைப்பது. வயிற்றின்மேல் ஒரு தட்டை வைத்து மெதுவாக அழுத்தினால் உதரவிதானத்தின் ஏற்ற இறக்கம் குறையும்.

மூன்றாவது, மூச்சை அடக்குவது. மூச்சை இழுத்து, இருபது விநாடி அளவுக்கு நிறுத்திவைக்கச் சொல்லி, அந்த நேரத்தில் மட்டும் கதிர் கொடுப்பார்கள். பிறகு ஓய்வு, மறுபடியும் அதேபோல். இதற்கு நோயாளியின் ஒத்துழைப்பு வேண்டும். முன்னதாகவே பயிற்சியும் கொடுப்பார்கள்.

நான்காவது, காத்திருந்து கொடுப்பது. பிள்ளையை ஊஞ்சலில் வைத்து ஆட்டும்போது, ஊஞ்சல் நம் கைக்கு வரும் நேரத்தில் மட்டுந்தானே தள்ளுகிறோம்? அதுபோல, மூச்சின் ஒரு கட்டத்தில் மட்டும் கதிரைத் திறந்து, மற்ற நேரத்தில் மூடிவைக்கிறார்கள். மூச்சை வெளியே விட்டு முடித்த நேரத்தில் நுரையீரல் சற்று நின்று இளைப்பாறுகிறது. பெரும்பாலும் அந்தக் கட்டத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஐந்தாவது, திரும்பத் திரும்பப் பூசுவது. பொங்கலுக்குச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது, ஒரே பூச்சில் கெட்டியாக அடித்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். மெல்லிசாக மூன்று, நான்கு தடவை அடித்தால் விட்டுப்போன இடமெல்லாம் நிரம்பிச் சமமாகிவிடும். அவ்வாறே ஒரு நாளைக்குரிய புரோட்டானைப் பல மெல்லிய பூச்சாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். முப்பது நாளுக்கு மேல் இது தொடர்வதாலும் மேடு பள்ளங்கள் ஒருவாறு சமமாகின்றன.

இவற்றில் எந்த வழியாக இருந்தாலும் நோயாளிக்கும் ஒரு பங்கு உண்டு. படுத்திருக்கும்போது பயத்தால் மூச்சு வாங்கினால் ஸ்கேனில் பார்த்த ஓட்டம் வேறாகவும், கதிர் பாயும்போது உள்ள ஓட்டம் வேறாகவும் ஆகிவிடும். இருமல் வந்தால் அடக்கிக்கொண்டு தவிக்கக்கூடாது. முன்னதாகவே ஊழியர்களிடம் சொல்லிவிட வேண்டும். கதிரை நிறுத்திவிட்டு மறுபடியும் தொடங்க அவர்களால் முடியும். கதிர் பாயும்போது வலிக்காது, சுடாது. இதை வயதான பெரியவர்களுக்கு வீட்டிலேயே விளக்கிச் சொல்லி, ஒரு வாரம் முன்பிருந்தே சீராக மூச்சு விடப் பழக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

சரி, இவ்வளவும் செய்து கொடுக்கும் புரோட்டான், எக்ஸ்ரே கதிரைவிடச் சிறந்ததா? இதற்கு விடை தேடி, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர்கள் ஒரு சோதனையை நடத்தினார்கள். அதன் முடிவு 2018இல் வெளிவந்தது. முற்றிய நுரையீரல் புற்று உள்ள 149 பேரில் ஒரு பகுதியினருக்கு நவீன எக்ஸ்ரே கதிரும், மற்றவர்களுக்குப் புரோட்டானும் கொடுக்கப்பட்டன. யாருக்கு எது என்பதை நோயாளியோ மருத்துவரோ தேர்ந்தெடுக்கவில்லை. குறிப்பிட்ட ஒரு கணக்குப்படி பிரிக்கப்பட்டார்கள். இதயத்தின்மீது விழுந்த கதிர், புரோட்டான் பெற்றவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. ஆனால் கதிரால் நுரையீரல் அழற்சி ஏற்படுவதிலும், அதே இடத்தில் நோய் திரும்புவதிலும் புரோட்டான் மேம்பட்டதாகத் தெரியவில்லை. அந்தச் சோதனையில் பயன்பட்டது, புரோட்டானைப் பரவச் செய்து கொடுக்கும் பழைய முறை. புள்ளி புள்ளியாக நிரப்பும் முறை அதற்குப்பின் பரவலாக வந்தது. இருந்தாலும் இந்த முடிவிலிருந்து நமக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. இயந்திரம் புதிது, விலை பெரிது என்பதனாலேயே பலன் பெரிதாகிவிடாது.

புரோட்டானால் தெளிவான நன்மை கிடைக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகளுக்கு வரும் சில கட்டிகள், கண்ணிலும் மண்டையோட்டின் அடியிலும் வரும் கட்டிகள் அவற்றில் முக்கியமானவை. நுரையீரலைப் பொறுத்தவரை, கட்டி இதயத்தை நெருங்கி இருந்தாலோ, முன்பே அதே இடத்தில் கதிர் கொடுத்திருந்தாலோ மருத்துவர்கள் அதை யோசிப்பார்கள். மற்றவர்களுக்கு, பினாங்கில் கிடைக்கும் எக்ஸ்ரே வகைக் கதிரே ஏற்றதாக இருக்கலாம். மூச்சோடு அசையும் கட்டியைப் பார்த்தறிவதற்கு மேலே சொன்ன நான்கு பரிமாண ஸ்கேன், மூச்சை அடக்குதல், காத்திருந்து கொடுத்தல் ஆகியவை புரோட்டானுக்கு மட்டும் உரியவை அல்ல. எக்ஸ்ரே கதிர் சிகிச்சையிலும் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆகவே, வெளிநாட்டுக்குப் போகலாமா என்ற எண்ணம் ஒரு வீட்டில் எழுந்தால், விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்னால் இங்குள்ள புற்றுநோய் மருத்துவரிடம் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அது நெஞ்சுக்குள்ளேயே நிற்கிறதா, வேறு உறுப்புகளுக்குப் பரவிவிட்டதா? கட்டி மூச்சோடு எவ்வளவு தூரம் அசைகிறது, அதை அளந்து பார்த்தார்களா? இங்கே கொடுக்கக்கூடிய கதிரால் இதயத்திற்கும் தண்டுவடத்திற்கும் ஆபத்து உண்டா, புரோட்டானால் அது உண்மையிலேயே குறையுமா? போய்வரும் நாட்களில் சிகிச்சை தாமதமானால் என்ன ஆகும்? நோய் உடம்பெங்கும் பரவிவிட்டிருந்தால், ஓரிடத்தில் நிற்கும் கதிரால் மட்டும் அதைக் குணப்படுத்த முடியாது. அப்போது மருந்துகளே முக்கியம். அந்த நிலையில் நகையை விற்றுக் கடல் கடந்து போவது குடும்பத்திற்குத் துன்பத்தின்மேல் துன்பமாகிவிடும்.

கடைசியாக ஒன்று. நம் நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012 முதல் 2016 வரையிலான கணக்குப்படி, நுரையீரல் புற்று கண்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல், மூன்றாம் கட்டத்திலோ நான்காம் கட்டத்திலோதான் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதாவது மிகவும் தாமதமாக. கட்டி சிறிதாக இருக்கும்போதே வந்துவிட்டால் அறுவை சிகிச்சையாலோ சில நாள் கதிராலோ குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம். எந்தப் புது இயந்திரமும் அந்த வாய்ப்புக்கு ஈடாகாது.

ஆகவே மூன்று வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமல், சளியில் இரத்தம், காரணமில்லாமல் உடம்பு மெலிதல், குரல் கம்முதல், மூச்சுத் திணறல், நெஞ்சிலோ தோளிலோ விடாத வலி ஆகிய இவற்றில் ஒன்று இருந்தாலும், மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்கிக் குடித்து நாளைக் கடத்தாதீர்கள். அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய் நெஞ்சுப் படமும் சளிப் பரிசோதனையும் கேளுங்கள். காசநோய்க்கும் இதே அறிகுறிகள் உண்டு. அதுவும் சிகிச்சையால் குணமாகக்கூடியதே. காசநோய் மருந்து சாப்பிட்டும் இருமலும் மெலிவும் தீராவிட்டால், மறுபடியும் போய்ச் சொல்லத் தயங்காதீர்கள். புகைபிடிப்பவர்கள் அதை விட்டுவிடுவது முதல் காரியம். அதற்கு உதவும் பிரிவுகளும் அந்தக் கிளினிக்குகளில் இருக்கின்றன. புகைக்காத பெண்களுக்கும் இந்நோய் வருவதுண்டு என்பதையும் மறக்கவேண்டாம்.

செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவரும் சரி, விடியலில் பால் மரத்துக்குப் போகிறவரும் சரி, ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று எண்ணித்தான் மருந்தகத்திற்குப் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள். வீட்டில் உள்ளவர்கள் அவர்களைக் கட்டாயப்படுத்தியேனும் அழைத்துச் செல்லவேண்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறோம்.